களத்துமேட்டில் ஒரு கலர் ஜெராக்ஸ்

அத்தியாயம் 6

காலை பதினொன்றரை மணிக்குள் ஹம்தான் தன் ஆதார் அட்டையைப் பதினான்கு கடைகளில் ஜெராக்ஸ் எடுத்து முடித்திருந்தான்.

"மேடம், இனிமே இந்த ஊர்ல என்னைத் தெரியாதவங்க யாருமில்ல. என் பேரு, எங்கத்தா பேரு, கதவு நம்பர், எல்லாம் ஊரறிஞ்ச விஷயமாயிடுச்சு. நாளைக்கு என் பேர்ல எவனாவது பத்து சிம் கார்டு வாங்கினா போலீஸ்ல நீங்கதான் வந்து பதில் சொல்லணும்."

"கலர்லதானே எடுத்தே?"

"கலர்லதான். கறுப்பு வெள்ளையில எம் மூஞ்சி ஏதோ சுமாரா இருக்கும். கலர்ல பாத்தா எனக்கே புகார் குடுக்கணும்போல இருக்கு."

குந்தவை சிரிக்கவில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, பத்திரம் எழுதுகிறவர்கள் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவன் கொண்டுவந்து கொட்டிய தாள்களை ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. ஒரு வங்கிக்காகப் பன்னிரண்டு வருஷம் வீட்டுப் பத்திரங்களைச் சரிபார்த்துக் கண் தேய்ந்தவள். அந்த வேலை போனபிறகு கீழவாசலில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். போர்டு என்னவோ பெரிசுதான். வருகிற கேஸெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு யாரோடாவது பேச்சுண்டா என்கிற கல்யாண விசாரணைதான். அப்படி ஒரு கல்யாணத்தில் வீடியோ எடுக்க வந்த ஹம்தான், மாப்பிள்ளை வீட்டார் மறைத்த முதல் மனைவியைக் கேமராவில் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, அன்றோடு கேமராவை விற்று இவளிடம் சேர்ந்துகொண்டான்.

இந்தத் தடவை வந்தது கல்யாண விசாரணை இல்லை.

நேற்று சாயங்காலம் மலர்க்கொடி வந்தபோது டூட்டி யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. ஸ்டாஃப் நர்ஸ். நாற்பத்திரண்டு வயது. ஊசி போடுகிறவர்களுக்கு உண்டான நிதானத்தோடு முழு விஷயத்தையும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள்.

அவள் வீடு களத்துமேட்டுத் தெருவில். ஒரு காலத்தில் அது ஊருக்கு வெளியே, மிராசுதார் பண்ணையின் நெல்லடிக்கும் களத்தை ஒட்டியிருந்த பதினோரு குடிசை. பண்ணையாள்கள் குடியிருந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று எழுபத்தொன்றில் சட்டம் வந்தது. சட்டம் வந்தால் போதுமா? மலர்க்கொடியின் அப்பா சாமிதுரை மிராசுதார் ஆட்களிடம் அடி வாங்கி, அப்புறமும் விடாமல் அலைந்து, எழுபத்து நாலில் பட்டாவைக் கையில் வாங்கினார். அதற்குப் பிறகு தஞ்சாவூர் வளர்ந்தது. வளர்ந்து களத்துமேட்டையும் தாண்டிப் போய்விட்டது. இப்போது அந்தப் பதினோரு மனையும் நாலு பக்கமும் அடுக்குமாடிகள் நிற்க, பல்லிடுக்கில் மாட்டின பாக்கு மாதிரி நடுவில் கிடக்கிறது.

சும்மா விடுவார்களா? ஒரு பில்டர் வந்தார். நாற்பத்தெட்டு ஃபிளாட், லிஃப்ட், கார் நிறுத்த இடம். பத்து வீட்டுக்காரர்கள் பட்டாவைக் கொடுத்து, ஆளுக்கொரு ஃபிளாட்டுக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அதுவரைக்கும் இருக்க வாடகை வீடு தேடிப் போய்விட்டார்கள். மலர்க்கொடி மட்டும் மாட்டேன் என்றாள். பில்டர் இவளோடு மல்லுக்கட்டவில்லை. நேராக மிராசுதாரின் பேரன் குணசேகரனிடம் போய் அந்த மனையை எழுதி வாங்கிவிட்டார். ஏனென்றால் சர்க்கார் கணக்கில் அது இன்னும் மிராசுதார் பெயரிலேயே இருந்தது. பட்டா வாங்கினால் மட்டும் போதாது, கணக்கிலும் பெயரை மாற்ற வேண்டும் என்று சாமிதுரைக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. தாலுகா அலுவலகத்தின் பழைய கோப்பும் அகப்படவில்லை. ஆகக்கூடி, அந்த வீடு சாமிதுரையுடையது என்று சொல்ல உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு காகிதம்.

அந்தக் காகிதத்தைத்தான் காணோம்.

டிரங்குப் பெட்டியில் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக இருந்ததை எடுத்துக்கொண்டு மலர்க்கொடி வக்கீலிடம் போனாள். வக்கீல் தொட்டுப் பார்த்த உடனே, "இது கலர் ஜெராக்ஸும்மா. ஒரிஜினல் எங்க?" என்று கேட்டுவிட்டார். நாளைக் காலை கோர்ட்டில் ஒரிஜினலைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது யார் கைக்கு எப்படிப் போனது என்று சொல்லச் சாட்சி வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் தடையுத்தரவு கிடையாது. தெருமுனையில் ஜேசிபி டீசல் போட்டுக்கொண்டு நிற்கிறது.

"பக்கத்து வீட்டு வேம்பு மேலதான் மேடம் எனக்குச் சந்தேகம். பில்டர்கிட்ட முதல்ல கையெழுத்துப் போட்டதே அவதான். அவ காலி பண்ணிட்டுப் போற வரைக்கும் எங்க வீட்டுச் சாவி ஒண்ணு அவகிட்டதான் இருந்துச்சு" என்று சொல்லி, செல்போனில் வேம்புவின் படத்தையும் அனுப்பிவிட்டுப் போனாள்.

குந்தவையிடம் இருந்தது அந்தக் கலர் ஜெராக்ஸ் மட்டும்தான். பட்டாவின் ஓரத்தைச் சுற்றி வரிசையாகச் சந்தன குங்குமப் பொட்டு. பொங்கல் படையலில் பட்டாவையும் வைத்து, வருஷத்துக்கு ஒரு பொட்டு வைப்பது சாமிதுரையின் வழக்கமாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் போனபிறகு அவர் மனைவி காத்தாயி வைக்கிறாளாம். பொட்டுகளுக்கு நடுவே, இடது ஓரத்தில், தலைமுடி கனத்துக்கு மேலிருந்து கீழ் வரை ஒரு நீலக் கோடு. அது பட்டாவில் இருந்த கோடு இல்லை. ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியில் விழுந்த கீறல். எந்த மெஷினில் அந்தக் கீறல் இருக்கிறதோ அங்கேதான் இந்தக் காகிதம் பிறந்தது. ஹம்தானின் ஆதார் அட்டை ஊர்வலம் போனது அதற்காகத்தான்.

"பதினாலும் சுத்தம். இன்னும் ஒரு கடைதான் பாக்கி" என்றாள் குந்தவை.

"அந்த மூலைக்கடையா? அவரு ஆளு கொஞ்சம் காரம். போன வாரம் ஒரு வக்கீல் குமாஸ்தாவையே கடையை விட்டு இறக்கிட்டாரு."

"பரவாயில்ல, நீயும் இறங்கி வா."

போனவன் ஐந்தே நிமிஷத்தில் ஓடி வந்தான். அவன் நீட்டிய தாளில், அவனுடைய இடது காதுக்குப் பக்கத்தில், நீலக் கோடு நெட்டுக்குத்தாக இறங்கியிருந்தது.

கடைக்காரர் ஜாஃபர் சாதிக், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"கோடு விழுது, அதனால பாதிக் காசுதான் தருவேன்னு சொல்ல வந்திருந்தா, அப்படியே நடையைக் கட்டிடுங்க."

"ஐயோ பாய், கோட்டுக்குத் தனியா காசு தரோம். எங்களுக்கு வேண்டியதே அந்தக் கோடுதான்" என்றான் ஹம்தான்.

குந்தவை பட்டாவின் நகலை மேஜையில் வைத்தாள். ஜாஃபர் சாதிக் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"இதை மறப்பேனா? மூணு தடவ எடுத்தேன். டிசம்பர் மாசம், மழை ஊத்தித் தள்ளின அன்னிக்கு. கரண்ட்டு வேற வர்றதும் போறதுமா இருந்துச்சு. குங்குமம் பழுப்பா வந்திருக்குன்னு அந்தம்மா ஒத்துக்கவே இல்ல. 'பொட்டு செவப்பாத் தெரியணும் தம்பி'ன்னு அங்கயே நின்னுட்டாங்க. என்னைத் தம்பிங்கறாங்க! எனக்கு அறுபத்தொண்ணு ஆவுது."

"அம்மாவா? இவங்களா பாருங்க." குந்தவை வேம்புவின் படத்தைக் காட்டினாள்.

"சேச்சே. இது சின்னப் பொண்ணு. வந்தவங்களுக்கு எழுபது இருக்கும். நடவுக்குப் போன கை அது, நகத்தைப் பாத்தாலே தெரியும்ல."

"தனியாவா வந்தாங்க?"

"எதுத்தாப்புல ஒரு வெள்ளைக் காரு நின்னுச்சு. அதுலேருந்துதான் இறங்கினாங்க, அதுலதான் ஏறினாங்க. உள்ள இருந்த ஆளு கண்ணாடியக்கூட இறக்கல."

"நம்பர் ஏதாச்சும்?"

"மழையில எம் மெஷினைப் பாப்பனா, கார் நம்பரைப் பாப்பனா?"

"வெள்ளைக் காரு" என்று ஹம்தான் தலையாட்டிக்கொண்டான். "நல்ல அடையாளம் மேடம். தஞ்சாவூர் ஜில்லாவுல ஒரு இருபதாயிரம் பேரைத்தான் விசாரிக்கணும்."

குந்தவை நகலின் கீழ் ஓரத்தில் கடைசிப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நகத்தால் லேசாகச் சுரண்டினாள். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. பக்கத்துப் பொட்டைச் சுரண்டினாள். ஒன்றும் வரவில்லை. வெறும் மை.

"ஹம்தான், மொத்தம் அம்பத்தோரு பொட்டு. அம்பது பிரிண்ட். இது ஒண்ணு மட்டும் நிஜச் சந்தனம்."

"அப்படின்னா?"

"டிசம்பர்ல ஜெராக்ஸ் எடுத்திருக்கு. ஜனவரியில பொங்கல். பொங்கப் படையல்ல இந்த ஜெராக்ஸ் மேலயே பொட்டு வச்சிருக்காங்க. வச்சது யாரு?"

"அப்பா போனதுக்கப்புறம் அம்மாதான் வைக்கும்னு மலர்க்கொடி..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

"அம்பது வருஷத்துப் பழைய காகிதம் துணி மாதிரி தொளதொளன்னு இருக்கும். வக்கீல் ஒரு தடவ தொட்டதுமே ஜெராக்ஸ்னு சொல்லிட்டாரு. சாமிதுரை போன பிறகு வருஷா வருஷம் அதை எடுத்துத் துடைச்சு வச்ச கைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

ஹம்தான் நகலை வாங்கி, அந்தக் கடைசிப் பொட்டைத் தானும் தொட்டுப் பார்த்தான். ஜாஃபர் சாதிக் கேட்டார்: "ஏதும் தப்பாயிடுச்சாம்மா? நல்ல மனுஷிங்க அவங்க. போறப்ப எனக்கு உடம்பைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனாங்க."

"வண்டிய எடு" என்றாள் குந்தவை.

மேட்டூர் அணை திறந்து, புது ஆற்றில் தண்ணீர் வந்து நாலு நாளாகியிருந்தது. பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹம்தான் யாரையும் பார்க்காமல் ஓட்டினான்.

களத்துமேட்டுத் தெரு என்று இப்போது சொல்ல ஒன்றுமில்லை. பத்து வீடுகளும் செங்கல்லும் ஓடுமாகக் குவிந்து கிடந்தன. ஒரு வீட்டின் நீலச் சுவர் மட்டும் பாதி நின்றது. அதில் யாரோ மாட்டிய காலண்டர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் நாலு மாடிக் கட்டடங்கள். அத்தனை பால்கனிகளுக்கும் நடுவில், ஓட்டுவீடு ஒன்று வாசலில் கோலத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தது.

காத்தாயி வாசலிலேயே நின்றிருந்தாள். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு.

"வாங்கம்மா. மலரு டூட்டியில இருக்கு. ரெண்டரைக்குத்தான் வரும். திருடன் ஆப்புட்டானா?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் கண் குந்தவையின் கண்ணைப் பார்க்கவில்லை. கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று குந்தவைக்குத் தெரியவில்லை. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "முதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றாள்.

நிஜமாகவே தாகத்தில்தான் கேட்டாள். அதில் தந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் காத்தாயி செம்பில் தண்ணீரும் டம்ளருமாக வந்து, குந்தவை வாய் வைத்துக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், சுவரைப் பிடித்தபடி மெல்லக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அவரும் இந்த நாக்காலியில உக்காந்துதாம்மா கேட்டாரு."

"யாரு?"

"சின்னய்யா."

"குணசேகரனா?"

மிராசுதார் பேரனைப் பெயர் சொல்லிக் கேட்டதும் காத்தாயி ஒரு கணம் கூசிப்போனாள். அப்புறம் தலையை ஆட்டினாள்.

"மழ நாளு. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. வேம்பு அப்பவே வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. கார நிறுத்திட்டு இறங்கி வந்தாரு. செருப்ப வாசல்லயே கழட்டினாரும்மா. எங்க வீட்டுக்கு, செருப்பக் கழட்டிட்டு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உள்ள வந்து உக்காந்து, 'அம்மா, குடிக்கத் தண்ணி குடுங்க'ன்னாரு. அம்மான்னாரு, குடுங்கன்னாரு."

ஹம்தான் வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்க தாத்தா காலத்துல நாங்க கொல்லப்பக்கமா போயி, கையக் குவிச்சு நிக்கணும். உசரத்துலேருந்து ஊத்துவாங்க. கையில பாதி, மண்ணுல பாதி. அந்த வீட்டுப் புள்ள எங்க வீட்டு டம்ளர வாங்கி, அண்ணாந்து குடிக்காம வாய் வச்சுக் குடிச்சுது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சுது. இதப் பாக்க மலரு அப்பா இல்லயேன்னு எனக்கு அழுகையா வந்துச்சு."

"அதுக்கப்புறம் பட்டாவைக் கேட்டாரா?"

"அவரு எங்கம்மா கேட்டாரு? 'கணக்குல இன்னும் எங்க தாத்தா பேருதான் இருக்கு, அது தப்பு, உங்க பேருக்கு நானே மாத்திக் குடுத்துடறேன், பத்து நாள்ல ஆயிடும்'னாரு. நானாத்தான் எடுத்துக் குடுத்தேன். பொங்கலுக்குள்ள வராட்டி என்ன பண்றதுன்னு ஒரு நகல் மட்டும் கேட்டேன். சரி வாங்கன்னு காருலயே கூட்டிட்டுப் போனாரு."

"இப்ப ஆறு மாசமாச்சே. ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை போலிருந்தது.

"எப்பிடிம்மா கேப்பேன்? வீடு தேடி வந்து தண்ணி குடிச்ச மனுசர சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடாதா?"

குந்தவை எத்தனையோ மோசடியைப் பார்த்திருக்கிறாள். போலிக் கையெழுத்து, ஆள்மாறாட்டம், செத்தவர் வந்து கைரேகை வைத்த பத்திரம். எதிலும் இவ்வளவு சுத்தமான வேலை கிடையாது. பூட்டை உடைக்கவில்லை, மிரட்டவில்லை. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான், அவ்வளவுதான்.

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. அந்தப் பட்டாவே கிடையாதுன்னு சொல்லித்தான் அவரு இந்த மனையைப் பில்டருக்கு எழுதிக் குடுத்திருக்காரு. நாளைக்குக் கோர்ட்டுல வந்து, பட்டாவ அவர்கிட்டதான் குடுத்தேன்னு நீங்க சொல்லணும். வேற வழியே இல்ல."

"மாட்டேம்மா."

"வீடு போயிடும்."

"போவாது. அவரு குடுத்துருவாரு. பில்டரு ஏதோ அவரையும் ஏமாத்தியிருப்பான்."

"எங்கப்பா அதுக்காக அடி வாங்கினாரும்மா."

குரல் வாசலிலிருந்து வந்தது. டூட்டியில் பாதியிலேயே சொல்லிவிட்டுக் கிளம்பிய மலர்க்கொடி எப்போது வந்தாளோ, ஹம்தானுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை தொங்கியது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஒரு காது கேக்காமப் போச்சு அவருக்கு. சாவுற வரைக்கும் அந்தப் பக்கம் நின்னு பேசினா திரும்பிப் பாக்க மாட்டாரு. அந்தப் பேப்பர எடுத்து, கேக்காமயே குடுத்தியாம்மா? ஊரெல்லாம் திருடனத் தேடினேனே. வேம்புவ நாக்கப் புடுங்கற மாதிரி கேட்டேனே. அப்பக்கூட வாயத் தொறக்கலயே நீ!"

"வந்துடும்னு இருந்தேன் மலரு."

"வருமா? போன் போடு. இப்பவே போடு. எங்க முன்னாடி கேளு."

காத்தாயி மறுப்பாள் என்றுதான் குந்தவை நினைத்தாள். மறுக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த சாமிதுரை படத்துக்குப் பின்னால் கை விட்டு, குணசேகரன் கொடுத்துப்போன விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. ஹம்தான் அவளுடைய போனிலேயே நம்பரைப் போட்டு ஸ்பீக்கரை வைத்துவிட்டு, தன் போனில் ரெக்கார்டிங்கைத் தட்டினான். குந்தவையைப் பார்த்து, கிடைத்துவிட்டது என்பதுபோல் புருவத்தை உயர்த்தினான்.

"ஹலோ" என்றது போன்.

காத்தாயி தரையிலிருந்து எழுந்து நின்றுகொண்டாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"சின்னய்யா, நான் காத்தாயி பேசறேங்க. களத்துமேட்டு காத்தாயி. சாமிதுரை பொஞ்சாதிங்க."



"என்ன காத்தாயி?"

அவள் முகத்தில் ஏதோ ஆட்டம் கண்டது. அம்மா இல்லை, காத்தாயி. மகளைவிடச் சின்ன வயசுக்காரன் வாயிலிருந்து.

"அந்தப் பட்டாங்க. பேரு மாத்திக் குடுக்கறேன்னு வாங்கிட்டுப் போனீங்களே..."

"எந்தப் பட்டா? நான் எப்ப வாங்கினேன்? பக்கத்துல யாரு இருக்கா?"

"நீங்க வீட்டுக்கு வந்திருந்தீங்களேங்க. மழ பேஞ்சுதே. செருப்பக்கூட..."

"உன் வீட்டுக்கா? நான் எதுக்கு உன் வீட்டுக்கு வரேன்? வயசாச்சுன்னா வாய்க்கு வந்தத உளறுவியா?"

"தண்ணி கேட்டீங்களே சின்னய்யா." காத்தாயியின் குரல் கெஞ்சியது. பட்டாவுக்காகக் கெஞ்சவில்லை என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது. "ரெண்டு டம்ளரு குடுத்தேன். குடிச்சீங்களே."

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"உன் வீட்டுல நான் தண்ணி குடிச்சேனா? ஏன் காத்தாயி, இத வெளியில சொல்லாத. கேட்டா எவனாச்சும் நம்புவானா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஹம்தான் ரெக்கார்டிங்கை நிறுத்தினான். கிடைத்துவிட்டது என்று நினைத்தவன் அவன்தான். கிடைத்தது என்ன? ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் மறுத்து, சிரித்து, சுத்தமாகத் தப்பித்துப்போன ஒரு குரல். இதைக் கோர்ட்டில் போட்டால் அது குணசேகரனுக்குத்தான் சாட்சி.

"நக்கலடிக்க ஏதாச்சும் வரும்னு பாக்கறேன் மேடம்" என்றான் மெதுவாக. "வர மாட்டேங்குது."

குந்தவையும் தலையைக் குனிந்துகொண்டாள். திருடனைக் கண்டுபிடி என்றார்கள், கண்டுபிடித்துவிட்டாள். பதினைந்தாவது கடையில் கீறல் கிடைத்தது, ஐம்பத்தோராவது பொட்டில் உண்மை கிடைத்தது. என்ன பிரயோஜனம்? நாளைக்கு இந்த வீட்டை நிறுத்திவைக்க அவள் கையில் ஒன்றுமே இல்லை. கெட்டிக்காரத்தனத்தின்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது. வெளியே ஜேசிபிக்காரன் என்ஜினைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தான்.

காத்தாயி போனைச் சாமிதுரை படத்துக்குக் கீழே வைத்தாள். அழவில்லை.

"மலரு, கோர்ட்டு எத்தன மணிக்கு?"

"பத்தரைக்கு."

"நான் வரேன். கூண்டுல ஏறுறேன்."

ஹம்தானின் முகம் மலர்ந்தது. குந்தவைக்கு மலரவில்லை. பொய் நம்பிக்கை கொடுத்து இந்த மனுஷியைக் கூட்டிக்கொண்டு போக அவளுக்கு மனசு வரவில்லை.

"அம்மா, அங்க நீங்க நினைக்கிற மாதிரி இருக்காது. என்ன தேதின்னு கேப்பாங்க. அவரு வந்ததப் பாத்தது யாருன்னு கேப்பாங்க. ஜெராக்ஸ் கடைக்காரரக் கூப்ட்டா, நீங்களே நின்னு நகல் எடுத்தீங்கன்னுதான் அவரால சொல்ல முடியும், காருக்குள்ள யாருன்னு சொல்ல முடியாது. நீங்களாத்தானே எடுத்துக் குடுத்தீங்கன்னு மடக்குவாங்க."

"நானாத்தான் குடுத்தேன். அத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"அப்படிச் சொன்னா வீடு நிக்கறது கஷ்டம்மா."

"தெரியுதும்மா." காத்தாயி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "வீட்டுக்காக வரல. அவரு எங்க வீட்டுல தண்ணி குடிச்சாரு. ரெண்டு டம்ளரு, வாய் வச்சுக் குடிச்சாரு. அத நான் நாலு பேரு முன்னாடி சொல்லணும்."